பாலைவன வீட்டைக் கெடுப்பது தண்ணீர்தான்

அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்து பீனிக்ஸில் வீடு வாங்கப் போகிறேன் என்று சொன்னாலே ஊரில் இருப்பவர்கள் முதலில் கேட்பது வெயிலைப் பற்றித்தான். அந்த வெயிலில் வீடு தாங்குமா, சுவர் வெடிக்காதா, ராத்திரி தூங்க முடியுமா? தாங்கும், தூங்கலாம், ஏசி இருக்கிறது. ஆனால் அதன் புறநகர்களான சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்கள் நாலு பேர் ஒரு பிறந்தநாள் விருந்தில் கூடினால் வீட்டைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். கூரை ஒழுகியது, ஏசித் தண்ணீர் சீலிங்கில் இறங்கியது, வாட்டர் ஹீட்டர் அடியில் ஓட்டை, கராஜ் சுவரில் கறையான், தோட்டத்துக் குழாய் மண்ணுக்குள் உடைந்து தண்ணீர் பில் எகிறியது. எல்லாமே தண்ணீர்க் கதை. அதுவும் வருஷத்துக்குச் சுமார் 7 அங்குல மழை பெய்யும் ஊரில். சென்னையில் புயல் மழை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிற அளவு அது.

இதை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன். இங்கே வெயில் வீட்டை நேரடியாக இடிப்பதில்லை, சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகத் திறந்துவைக்கிறது. ஜன்னல் ஓரத்து சீலண்ட் காய்ந்து பிளக்கும், கதவடி ரப்பர் உதிரும், வெளியே கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் கைபட்டால் பொடியாகும், கூரை ஓட்டுக்குக் கீழே விரித்த தார்த்தாள் மொறமொறப்பாகும். ஒன்பது மாதம் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஜூலையில் ஒரு சாயங்காலம் முக்கால் மணி நேரம் மழை அடிக்கும், வெயில் திறந்துவைத்த அத்தனை இடத்தையும் அது தேடிக் கண்டுபிடித்துவிடும். ஆகவே இங்கே வீட்டுப் பராமரிப்பு என்று நான் சொல்வது, வெயில் திறந்ததைத் தண்ணீர் வருவதற்கு முன்னால் மூடுகிற வேலையைத்தான்.

தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால், தேசிய வானிலைச் சேவையின் கணக்கில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன். 2008க்கு முன்பு இப்படித் தேதி போட்டு வைக்கவில்லை, காற்றின் ஈரத்தை அளந்து, அது ஒரு அளவைத் தாண்டித் தொடர்ந்து மூன்று நாள் நின்றால்தான் மான்சூன் பிறந்தது என்பார்கள். நடைமுறையில் ஜூன் பெரும்பாலும் எலும்பு வரை காயும், ஜூலை பாதியிலிருந்துதான் ஆட்டம். நம் கணக்கில் சரியாக ஆடி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நான் முழுசாக நம்ப ஆரம்பித்தது இந்த ஊரில்தான், இங்கே அம்மிக்குப் பதில் டிராம்போலின் பறந்து பக்கத்து வீட்டு நீச்சல் குளத்தில் விழும். மழைக்கு முன்னால் ஹபூப் என்கிற புழுதிச் சுவர் வரும். 2011 ஜூலை 5 அன்று வந்தது சுமார் ஒரு மைல் உயரம். புழுதி முதலில், மழை பின்னால் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது: தட்டைக் கூரையின் வடிகால், ஓட்டுக் கூரையின் மடிப்பு, உள்முற்றத்து ஜாலி என்று தண்ணீர் போக வேண்டிய வழியையெல்லாம் புழுதியும் இலையும் முதலில் அடைத்துவிட்டு, அதற்குப் பிறகு தண்ணீர் வருகிறது.

கூரையில் தொடங்குகிறேன், ஏனென்றால் செலவு அங்கேதான் பெரிது. பீனிக்ஸும் அதன் புறநகர்களும் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் 1990களிலும் 2000களிலும் கட்டிய வீடுகளில் கான்கிரீட் ஓடுதான் அதிகம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஐம்பது வருஷம் உழைக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஓடு உழைக்கும்தான். ஆனால் மழையைத் தடுப்பது ஓடு இல்லை. ஓடு வெயிலை வாங்கிக்கொள்ளும், பெரும்பாலான தண்ணீரைத் தள்ளிவிடும், மிச்சம் உள்ளே புகும் தண்ணீரைத் தடுப்பது ஓட்டுக்குக் கீழே பலகைமேல் விரித்த அண்டர்லேமெண்ட் என்கிற தார்த்தாள். அதன் ஆயுள் சுமார் 20, 25 வருஷம், தெற்கும் மேற்கும் பார்த்த சரிவில் அதற்கும் குறைவு. ஆகவே 2002, 2003ல் கட்டிய வீட்டை இன்று வாங்குகிறவர்கள் ஓடு உடையாமல் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். நல்ல செய்தி, ஓடுகளை மாற்ற வேண்டியதில்லை. ஓடுகளை எடுத்து அடுக்கிவைத்துவிட்டு, தாளைப் புதிதாக விரித்து, அதே ஓடுகளைத் திரும்பப் போடுவார்கள். உடைந்ததற்கு மட்டும் புது ஓடு.

தாள் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் டார்ச் எடுத்துக்கொண்டு, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே இருக்கும் அட்டிக்கில் ஏறி, கூரைப் பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆணியைச் சுற்றித் துரு, பலகையில் காபிக் கறை மாதிரி வட்டம், இரண்டு சரிவு சேரும் மடிப்பில் கருப்புத் திட்டு, இதெல்லாம் போன மான்சூன் விட்டுப்போன கையெழுத்து. ஜூலையில் ஏறாதீர்கள், மதியத்தில் அட்டிக் 150 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும், அதாவது 65 செல்சியஸ், ஆள் மயங்கி விழுவதற்குப் போதும். இன்னொன்று, சோலார் பலகை போட்டவர்கள் அதன் ஓரத்தில் வலை அடித்திருக்கிறார்களா பாருங்கள். இந்த ஊர்ப் புறாக்களுக்கு சோலார் பலகைக்கு அடியில்தான் சொந்த வீடு. அது கூடு கட்டி, எச்சமும் குச்சியும் சேர்ந்து ஓட்டு மடிப்பில் அணை மாதிரி நிற்க, தண்ணீர் வழி தெரியாமல் பக்கவாட்டில் தாளுக்கடியில் போய்விடும்.

அடுத்தது ஏசி. இதைப் பற்றி எல்லோரும் சொல்வதை நானும் சொல்லிவிடுகிறேன்: சித்திரை பிறக்கும்போது ஆளைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். கப்பாசிட்டர் என்கிற சின்ன டப்பா இந்த வெயிலில் சீக்கிரம் சோர்ந்துபோகும். ஏப்ரலில் மீட்டர் வைத்துப் பார்த்து மாற்றினால் அரைமணி வேலை, ஜூலையில் அதே டப்பா போனால் மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்பார், நாளைக்கும் வராமல் போகலாம். 2023ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி, அதாவது 43 செல்சியஸ், அதற்கும் மேலே. அதில் ஜூலை 19 அன்று விடியற்காலையிலும் 97க்குக் கீழே இறங்கவில்லை. அப்படியொரு வாரத்தில் ஏசி இல்லாத வீட்டுக்குள் வயசானவர்களை வைத்திருக்கவே கூடாது, நேராக ஹோட்டல்தான். ஊரிலிருந்து அப்பா அம்மா வரும் மாதங்களை முடிவு செய்யும்போதே இதை யோசியுங்கள்.

ஏசியிலும் நான் அதிகம் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றித்தான். மே, ஜூனில் காற்று காய்ந்து கிடப்பதால் ஏசி பெரிதாகத் தண்ணீர் விடாது. வடிகால் குழாய் உள்ளுக்குள் காய்ந்து, பாசியும் தூசியும் சேர்ந்து அடைசலாக உட்கார்ந்திருக்கும். ஆடி பிறந்து ஈரம் ஏறியதும் அதே ஏசி நாள் முழுக்கத் தண்ணீர் கறக்கும், போக வழி இருக்காது. அட்டிக்கில் ஏசி இருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு வீடு கட்டியவர்களே ஒரு எச்சரிக்கை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பலர் கவனிப்பதில்லை. வெளியே ஏதாவது ஒரு ஜன்னலுக்கு மேலே, சம்பந்தமே இல்லாமல், சுவரிலிருந்து ஒரு குட்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அது இரண்டாவது வடிகால். கண்ணில் படட்டும் என்றுதான் ஜன்னலுக்கு மேலே வைக்கிறார்கள். அதிலிருந்து சொட்டினால் முதல் வடிகால் அடைத்துவிட்டது, அட்டிக்கில் ஏசிக்கு அடியில் இருக்கும் தட்டு நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏசியை நிறுத்திவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள். சொட்டாமல் இருக்க, ஜூன் தொடக்கத்தில் வடிகால் குழாயின் மூடியைத் திறந்து ஒரு கப் வினிகர் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். ஃபில்டர் மெலிசு ரகமாக இருந்தால் கோடையில் மாதம் ஒன்று. புழுதி அடித்த மறுநாள் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள், பார்த்தால் உங்களுக்கே மாற்றத் தோன்றும்.

கரண்ட் பில்லுக்கு ஒரு வார்த்தை. இங்கே கரண்ட் கொடுப்பது ஏபிஎஸ், எஸ்ஆர்பி என்ற இரண்டு நிறுவனங்கள். ஏபிஎஸ்ஸின் நேரக் கணக்குத் திட்டத்தில் வேலை நாட்களில் மாலை 4 முதல் 7 வரை கட்டணம் ஏறும், எஸ்ஆர்பியிலும் இந்த மாதிரித் திட்டங்கள் உண்டு. மூன்று மணிக்குள் வீட்டை நன்றாகக் குளிர்த்திவிட்டு நாலு மணிக்கு ஏசியை இரண்டு மூன்று டிகிரி ஏற்றிவிட்டால் ஏழு மணி வரை ஓட்டிவிடலாம், மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறத் திரை போட்டிருந்தால். உள்பக்கத் திரைச்சீலை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பிரயோஜனம் குறைவு, சூடு அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. குக்கர், ஓவன், டிரையர் எல்லாம் காலையிலேயே. மே மாதத்தில் வடாம், மோர் மிளகாய் போடுகிறவர்களுக்கு இதைவிடச் சொர்க்கம் கிடையாது, ஒரே நாளில் சுக்காகிவிடும். புழுதிக் காற்று தொடங்குவதற்குள் முடித்துவிடுங்கள்.

தோட்டத்துத் தண்ணீருக்கு வருகிறேன். இங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் சொட்டுநீர்க் குழாயும் டைமரும் உண்டு, அநேகமாக எல்லா வீட்டிலும் அந்த டைமர் தப்பாகத்தான் ஓடுகிறது. தினமும் பத்து நிமிஷம் என்று வைத்திருப்பார்கள். அது மேல்மண்ணை மட்டும் நனைக்கும், வேரும் மேலேயே படரும். நன்றாகத் தழைத்து நிற்கும் மெஸ்கீட் மரம் ஆடிக் காற்றில் வேரோடு சாய்வதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இந்த ஊரில் சொல்லும் கணக்கு எளிது: தரையோரச் செடிக்கு ஒரு அடி ஆழம், புதருக்கு இரண்டு அடி, மரத்துக்கு மூன்று அடி நனைய வேண்டும். எவ்வளவு ஆழம் நனைந்தது என்று பார்க்க, தண்ணீர் விட்டு முடிந்ததும் ஒரு நீளக் கம்பியை மண்ணில் இறக்குங்கள், ஈரம் இருக்கும் வரை வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். கம்பி அரை அடியிலேயே டக்கென்று நின்று மேற்கொண்டு இறங்க மறுத்தால் அது கலிச்சி, சுண்ணாம்பு இறுகிய படுகை, அங்கே மரம் வைப்பதைப் பற்றித் திரும்ப யோசிக்க வேண்டும். ஆக, நீண்ட நேரம், இடைவெளி விட்டு. கோடையில் இடைவெளியைக் குறைத்து, குளிர்காலத்தில் நீட்டுங்கள். ஓடும் நேரத்தைத் தொட வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், வீட்டுச் சுவரை ஒட்டிச் செடி வைத்து அதற்குச் சொட்டுநீர் விடுவது. வேண்டவே வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கில் பல இடங்களில் களிமண், ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சுவர் மூலையில் விரிசல் அப்படித்தான் தொடங்கும். இதைத் தாங்கத்தான் பல வீடுகளின் தரைத்தளத்தில் எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கராஜ் தரையில், இந்தத் தளத்தை வெட்டாதே, துளைக்காதே என்று பதித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தத் தரையில் டிரில் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். சுவரோரம் ஈரம் இருந்தால் கறையானும் வரும். இங்குள்ள பாலைவனக் கறையான் பென்சில் மொத்தத்துக்கு மண்குழாய் கட்டும், சில சமயம் சீலிங்கிலிருந்து கீழ்நோக்கித் தொங்கவும் விடும். அடித்தளச் சுவரில் மண்கோடு தெரிந்தால் கொஞ்சம் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், மறுபடி கட்டியிருந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது. கட்டாவிட்டாலும் மருந்து அடிக்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். ஈரத்தைத் தேடி வருபவர் பட்டியலில் தேளும் உண்டு, அரிசோனா மரத்தேள், சின்னதுதான் ஆனால் விஷம் அதிகம், சுவர் ஏறும். ராத்திரியில் புறஊதா டார்ச் அடித்தால் பச்சையாகப் பளபளக்கும். கதவடி ரப்பரைப் புதுசாகப் போடுவதுதான் மருந்தைவிட நல்ல வைத்தியம். குழந்தையைக் கொட்டினால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

மண்ணுக்குள் ஒழுகுகிறதா என்று பார்க்க வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, நடைபாதையோரத் தண்ணீர் மீட்டரைத் திறந்து பாருங்கள். பல மீட்டர்களில் ஒரு குட்டி முக்கோணம் இருக்கும், எல்லாம் மூடியிருந்தும் அது சுற்றினால் எங்கேயோ போகிறது. மூடியைக் கையால் தூக்காதீர்கள், கருப்பு விதவைச் சிலந்திக்கு அந்தப் பெட்டி ரொம்பப் பிடிக்கும், ஒரு ஸ்குரூடிரைவரால் நெம்புங்கள். நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் தானாக நிரப்பும் வால்வை நம்பி ஏமாறாதீர்கள், ஒழுகலை அது மறைத்துவிடும். வால்வை மூடி, ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை நிரப்பிக் குளத்தின் படியிலேயே வைத்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பக்கெட்டைவிடக் குளம் அதிகம் இறங்கியிருந்தால் அது ஆவியானது இல்லை.

குழாய்க்குள் வரும் தண்ணீரும் லேசுப்பட்டதில்லை. சால்ட் ஆறு, வெர்டி ஆறு, அப்புறம் கொலராடோ ஆற்றிலிருந்து 336 மைல் கால்வாயில் வருவது. பாறையும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர். ஷவர் தலையில் வெள்ளை பூத்திருப்பதைப் பார்க்கிறீர்களே, அதே படிவு வாட்டர் ஹீட்டர் அடியிலும் உட்காருகிறது. ஹீட்டர் ஓடும்போது உள்ளே கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம் கேட்டால் படிவு கனமாகிவிட்டது. தீபாவளி வாக்கில், கேஸையோ கரண்டையோ நிறுத்திவிட்டு, உள்ளே வரும் தண்ணீரையும் மூடி, ஆறவிட்டு, அடிக்குழாயில் ஹோஸ் மாட்டிக் காலி செய்யுங்கள். பல வருஷம் தொடாத பழைய ஹீட்டர் என்றால் நீங்களாகத் திறக்காதீர்கள், சில சமயம் அந்த வால்வு திரும்ப மூடாது. உப்பு போட்டுக் கடினநீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் போட்டால் நல்லது, ஆனால் அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள், அதில் சோடியம் இருக்கிறது. குடிக்க ஆர்ஓ தனியாக.

அமெரிக்காவின் மற்ற ஊர்களில் வருஷத்துக்கு இரண்டு தரம் கடிகாரத்தை மாற்றும்போது புகை அலாரத்துக்கு பேட்டரி போடு, அதைச் செய், இதைச் செய் என்று ஞாபகப்படுத்துவார்கள். நவஹோ பழங்குடியினர் பகுதி தவிர அரிசோனாவில் 1968க்குப் பிறகு கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, ஆகவே ஞாபகப்படுத்த எதுவும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு உரம் போட மூன்று நாள் வைத்திருக்கிறார்கள்: காதலர் தினம், மே கடைசியில் வரும் மெமோரியல் டே, செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே. எனக்கு நம் பண்டிகைகளே வசதி. தீபாவளிக்கு டைமர் இடைவெளியை நீட்டி, ஹீட்டரைக் காலி செய்ய வேண்டும். களை முளைக்காமல் இருக்கும் மருந்து மட்டும் அதற்கும் முன்னால், நவராத்திரி வாக்கில், குளிர்கால மழை வருவதற்குள். இல்லாவிட்டால் பிப்ரவரியில் களையை எடு என்று வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வரும். புழுதி பறக்க ப்ளோயர் அடிக்காமல் மண்ணை நனைத்துவிட்டு வேலை செய்யுங்கள், வேலி ஃபீவர் என்ற நுரையீரல் நோயைக் கொடுக்கும் பூஞ்சை இந்த மண்ணில்தான் இருக்கிறது.

பொங்கல் சமயம் உறைபனி. பாலைவனத்தில் பனியா என்று சிரிக்காதீர்கள், தெளிந்த ராத்திரியில் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும், அதாவது பூஜ்யம் செல்சியஸுக்கும், கீழே போகும், வாழையும் போகன்வில்லாவும் ஒரே ராத்திரியில் கருகும். பழைய பெட்ஷீட்டைத் தரை வரை தொங்கும்படி மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், இலையில் பட்ட இடம் தீய்ந்துவிடும். வெளியே நிற்கும் பித்தளை வால்வுக்கும் ஒரு பழைய துண்டு சுற்றுங்கள், வெடித்தால் அதுவும் தண்ணீர்க் கதைதான். கருகிய கிளையை ஜனவரியிலேயே வெட்டக் கை பரபரக்கும், மார்ச் வரை பொறுங்கள், அந்தக் கருகல்தான் உள்ளிருக்கும் தளிருக்குப் போர்வை. முருங்கை இந்த ஊரை ரொம்ப விரும்புகிறது, பனியில் தரை வரை செத்தாலும் வெயில் ஏறியதும் அடியிலிருந்து துளிர்த்து, ஆவணிக்குள் கூரையைத் தொடும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து உள்ளே எடுத்துவிடுங்கள். வேறு மாநிலத்திலிருந்து கன்று கொண்டுவராதீர்கள், அது எலுமிச்சை இனம், எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் கட்டுப்பாடு இருக்கிறது. உள்ளூர் நர்சரியில் கேளுங்கள்.

கடைசியாக ஆள் பிடிப்பது. பெரிய காற்று அடித்த மறுநாள் கதவைத் தட்டி, உங்கள் கூரையில் ஓடு நகர்ந்திருக்கிறது, இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். வேண்டாம் என்று கதவைச் சாத்துங்கள். அரிசோனாவில் ஒப்பந்ததாரர்களைப் பதிவு செய்யும் மாநில அலுவலகம் இருக்கிறது, ஆர்ஓசி என்பார்கள், விலைச்சீட்டில் உரிம எண் இருக்க வேண்டும், அதை ஆர்ஓசி தளத்தில் போட்டால் புகார், நடவடிக்கை ஏதாவது இருக்கிறதா என்று தெரியும். கூரை வேலைக்கு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், மூன்று பேரிடமும் எந்தத் தாள் போடுவார்கள், எத்தனை அடுக்கு என்று எழுதி வாங்குங்கள். ஓட்டைத் தூக்கி அடித்தாளைப் படம் எடுத்து வந்து காட்டாதவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். நேரம் கிடைத்தால் நவம்பரில் செய்யுங்கள், வேலை செய்கிறவர்களுக்கும் அந்த மாதம்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கூரையில் நிற்க முடியும்.